கிணத்துத் தெருக் குவியலில் உன் கூடை

தேனே, மொழியே, பிரித்துக் கூப்பிட்டால் கரண்டியோடு துரத்தி வரும் என் அண்ணியே,

தேன்மொழி என்று பேரை வைத்துக்கொண்டு உப்பளத்துக்கு வாக்கப்பட்டு வந்தாயே, அன்றைக்கே பந்தலில் சொன்னேன். "கிளியனூர்க்காரங்களுக்கு டேஸ்ட்டே இல்ல, ஸ்வீட்ட கொண்டாந்து உப்புல போட்டுட்டாங்க." அத்தனை பேர் முன்னால் நீ சிரித்துவிட்டாய். புதுப்பொண்ணு பல்லைக் காட்டுது என்று அம்மா முறைத்தாள். எனக்குப் பன்னிரண்டு வயசு. இவளைச் சிரிக்கவைப்பதுதான் இனி நம்ம உத்தியோகம் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். அந்த உத்தியோகத்தைப் பார்க்கக் கூடாத ஒரு நாளில் பார்த்துத் தொலைத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்போகிறேன். பாமாயிலுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் பாப்பா கிளியனூரில் உங்கம்மாவிடம் இருக்கிறாள். 'உப்பு' என்று தெளிவாகச் சொல்கிறாள், 'அப்பா' சொல்வதில்லை. என் முன்பல் ஒன்று காலி. அண்ணன் ஜெயிலில் இருக்கிறான். நீ போய் ஒன்றரை வருஷம் கழித்து, நாளைக்குத்தான் கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போலீசில் ஒருதடவை பொய் சொன்னவள் நான். நாளைக்கும் அதையே சொல்லு என்கிறாள் அம்மா.

ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன், நீ இல்லாமல் நடந்ததும் இதில் இருக்கிறது.

அந்த சர்வேக்கு ஆள் தேடினார்கள் ஞாபகமா? சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு. உப்பளத் தெருக்களில் பெண்கள் வீட்டுக்குள் அடி வாங்குகிறார்களா, எதற்காக, அடிபட்டால் எங்கே போகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்கும் வேலை. டிகிரி முடித்துவிட்டு ரசம் தாளித்துக்கொண்டிருந்த நீ பாய்ந்து போய்ச் சேர்ந்தாய். கையில் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். "வலி ஊருக்கு, டேப்லெட் உனக்கா?" என்று கேட்டேன். தலையில் கொட்டினாய்.

சொந்தத் தெருவில் நீ கேட்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அதனால் நம்ம வீட்டுக்கு வேறொரு பெண் வந்தாள். இன்னொரு விதியும் இருந்தது, கேட்கும்போது அந்தப் பெண் தனியாக இருக்கணும். அம்மாவைச் சாமர்த்தியமாகக் கடைக்கு அனுப்பிவிட்டாய். நான் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் எப்பனா உங்கள அடிச்சிருக்காருங்களா?"

நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன். "எங்கண்ணனா? அவன் கொசுவகூட பர்மிஷன் வாங்கிட்டுதாங்க அடிப்பான்!"

அந்தப் பெண் சிரித்தாள். நீயும் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "இல்லங்க" என்றாய். அவள் திரையில் ஒரு தட்டு தட்டினாள். 'இல்லை' ஏறிவிட்டது.

உன் முழங்கைக்கு மேலே பச்சையாகக் கன்றிப்போயிருந்ததை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். பார்த்தும் ஏன் அதைச் சொன்னேன்? நீ 'ஆமா' சொல்லிவிடுவாய் என்று பயந்தா? எங்கண்ணனைப் பற்றி ஓர் ஊர்க்காரி தெரிந்துகொள்ளக் கூடாது என்றா? ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் பதில் இருந்ததா?

மாசங்கள் கழித்து அறிக்கை உன் போனுக்கு வந்தது. முழுக்க இங்கிலீஷ். நீ அடுப்படியில் நின்றபடியே தள்ளித் தள்ளிப் பார்த்தாய். முகம் மாறிவிட்டது.

"நம்ம பொம்பளைங்க சொன்னதுடி இது. அழுதுகிட்டே சொன்னாங்க. அவங்க வாயிலேர்ந்து வந்தத அவங்களே படிக்க முடியல பாரு. இதுக்குப் பேரு என்னா?"

"பி.டி.எஃப். அண்ணி."

அன்றைக்கு நீ சிரிக்கவில்லை. பருப்பு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு நோட்டை விரித்தாய். என் ப்ளஸ் ஒன் இங்கிலீஷும் உன் டிகிரியும் சேர்ந்து ஒருவாரம் மல்லுக்கட்டினோம். பேர் ஒன்றுகூட இல்லை, தெரு தெருவாக மொத்தம் மட்டும்தான் இருந்தது. 'அறிக்கைல அறியும் இருக்குது கையும் இருக்குது, நம்மூர்ல கைதான் நீளும்' என்று நான் சொன்னதை நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தாய். இன்னும் இருக்கிறது அது, உன் கையெழுத்தில்.

பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டக் கேட்டோம். அங்கிருந்தவர் ஒருபக்கம் படித்துவிட்டு நோட்டை மூடி உன் கையிலேயே திணித்தார். "ஏம்மா, குடும்பப் பொண்ணுதானே நீ? இதெல்லாம் ஒட்டுற சமாச்சாரமா?" நாம் வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் லோடு லாரியில் ஏறி, லாரி ஓட்டுகிற அண்ணனிடம் போய்விட்டது.

அந்த மத்தியானத்தை நான் எழுதாமல் தாண்டலாம் என்று பார்த்தேன். தாண்ட முடியவில்லை.

சத்தம் ஆரம்பித்ததும் நான் எப்போதும் செய்கிறதைத்தான் செய்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் கிளம்பினேன். தெருமுனை போவதற்குள் சத்தம் நின்றது. வழக்கமாக அவ்வளவு சீக்கிரம் நிற்காது. திரும்பி ஓடிவந்தேன்.

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கிடந்தாய். சிமெண்ட் மூலையில் உன் முடி ஒட்டியிருந்தது. ரத்தம் தொட்டிச் சுவரில் வழிந்து, சோப்புத் தண்ணீரில் கலந்து, சாக்கடையை நோக்கி நுரையோடு போய்க்கொண்டிருந்தது. உன் ஒரு கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்ததா என்று தெரியவில்லை. அண்ணன் உன் நோட்டைக் கிழிக்கப் பார்த்து, அட்டை கெட்டியாக இருந்ததால் கிழிபடாமல், அதைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். மனுஷி கிடக்கிறாள், அவன் நோட்டை மிதிக்கிறான்.

அம்மா ஒரு குடம் தண்ணீரை எடுத்தாள். உன் வாயில் ஊற்றத்தான் என்று நினைத்தேன். தொட்டி மூலையில் ஊற்றினாள். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூலை பளிச்சென்று ஆகிவிட்டது.

"வழுக்கி உழுந்துட்டா. யாரு கேட்டாலும் வழுக்கி உழுந்துட்டா. கேக்குதாடி?"

மூன்று நாள் நீ பாண்டி ஆஸ்பத்திரியில் கண் முழிக்காமல் கிடந்து போய்விட்டாய். போலீஸ்காரம்மா வந்து கேட்டார்கள். ஊர் முழுக்க வம்பளக்கும் என் வாயிலிருந்து இரண்டே வார்த்தைதான் வந்தது. வழுக்கி விழுந்துட்டாங்க.

சர்வேயில் ஒரு பொய், போலீசில் ஒரு பொய். இரண்டுக்கும் நான்தான் சொந்தக்காரி.

நாற்பது நாள் கழித்து, மிதிபட்ட நோட்டைத் தேடி எடுத்தேன். ஒட்டினால் கிழிப்பார்கள், படித்தால் அடிப்பார்கள். கிழிக்க முடியாத எழுத்து நம்மூரில் எது? ஈ.சி.ஆர். ஓரமாக நடந்துபோனபோது பதில் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. வரிசையாக உப்புக் குவியல்கள். காரில் வருகிறவர்கள் இறங்கி நின்று போட்டோ எடுப்பது இதற்கு முன்னால்தானே?

நல்ல உப்பு முதலாளியுடையது. நான் கை வைக்கவில்லை. மண் கலந்து, மழையில் கறுத்து, யாரும் வாங்காமல் வரப்பில் கொட்டிக் கிடக்கிற கழிவு உப்பு யாருடையதும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கிளாஸ் பெண்கள் இரண்டு பேரோடு இறங்கினேன். அறிக்கையில் 'ஆமா' சொன்ன ஒரு பெண்ணுக்கு ஒரு கூடை. தெருவுக்கு ஒரு குவியல். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே எங்கள் குவியல்கள் கறுப்பாக எழுந்தன. கோயில் தெரு இடுப்பு உயரம் வந்தது. நம்ம கிணத்துத் தெரு மார்பு வரைக்கும். பள்ளிக்கூடத் தெரு என் தலையைத் தாண்டிவிட்டது. கூடை ஏற்றிக் கழுத்து நோகும்போதுதான் அண்ணி, நோட்டில் ஒருவரியாகத் தாண்டிப்போனதன் கனம் தெரிந்தது.

அப்புறம் என் புத்தி சும்மா இருக்குமா? ஒவ்வொரு குவியலிலும் ஓர் அட்டையைச் செருகி, அதில் தெருப்பேரைப் பெரிசாக எழுதினேன். அது என்ன குவியல் என்பதைக் கீழே பொடி எழுத்தில் எழுதினேன். உப்பளத்து ஆம்பளைகளுக்குக் குவியல் உயரம் என்றால் மானம். யார் பாத்தி அதிகம் விளைந்தது என்று மீசை முறுக்குகிறவர்கள். எதுவென்று படிக்கமாட்டார்கள், எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு டீக்கடையிலிருந்து வந்தார்கள். பள்ளிக்கூடத் தெருக்காரர் ஒருவர் தம் தெருக் குவியலைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பாத்தியாடா எங்க தெருவ? தலைக்கு மேல நிக்குது!"

"கறுப்பா இருக்குதேப்பா?"

"கலரா முக்கியம்? உயரத்தப் பாரு. உங்க கிணத்துத் தெரு நெஞ்சோட நின்னுபோச்சு, தூ!"

நாலு பேர் குவியலுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர் அதன் மேலேயே ஏறிக் கையைத் தூக்கினார். நம்ம தெருக்காரர்களுக்கு ஒரே ஆத்திரம். இன்னும் பத்துக் கூடை கொண்டுவந்து போடுங்கடா என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். நான் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ செத்ததற்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அட்டையின் பொடி எழுத்தை ஒரு ஆறாங்கிளாஸ் பெண் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.

"ஒரு கூடை என்பது, வீட்டில் அடி வாங்குவதாகச் சொன்ன ஒரு பெண். பேர் கிடையாது. கேட்காதே."

குவியல்மேல் கையைத் தூக்கினவர் தூக்கியபடியே நின்றார். எதிரில் நம்ம தெருக்காரன் ஒருவன் ஊளையிட்டுச் சிரித்தான். "இறங்காதண்ணே, உன் தெரு உயரம்தானே, நின்னுக்கோ!"

அவர் இறங்கினார். இறங்கிய வேகத்தில் மண்வெட்டியைப் பிடுங்கி அவன் தோள்பட்டையில் போட்டார். அப்புறம் யார் யாரை அடித்தது என்று எனக்கே தெரியாது. உப்பு வாருகிற புரட்டுப் பலகை, கூடை, கல், கைக்குக் கிடைத்ததெல்லாம் பறந்தது. ஒருவன் மூக்கு உடைந்து வெள்ளை உப்பில் ரத்தம் சொட்டியது. ஒருத்தனை வாய்க்காலில் அமுக்கினார்கள். பெண்டாட்டியை அடித்தார்கள் என்று எழுதியதற்காக ஆம்பளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, அடிக்கவே மாட்டோம் என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல விளக்கப்படத்தை அந்தச் சென்னைக் குழு எந்த கம்ப்யூட்டரில் வரையும்?

"யாருடி எழுதினது?" என்று ஒருத்தன் கேட்டான். கையெழுத்து நல்லா இருக்கிறதா என்று கேட்டேன். பலகை என் வாயில் விழுந்தது. பல் போனது அப்போதுதான். உப்புத் தரையில் வாய் குப்புற விழுந்தேன். உடைந்த ஈறில் உப்பு ஏறினால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. மண்டைக்குள் மணி அடித்தது.

அந்த நேரத்தில்தான் பாத்தி வேலை முடிந்து பெண்கள் வரப்பில் வரிசையாக வந்தார்கள். முன்னால் மல்லிகா அக்கா, நம்ம எதிர்வீடு. தலையில் கூடை. அட்டையைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டத் தெரியாதவள், பக்கத்துப் பெண்ணைப் படிக்கச்சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலைக் கூடையை இறக்கினாள். கழிவு உப்பை அள்ளிக் கூடையில் போட்டாள். அவள் புருஷன் அங்கேயே உடைந்த உதட்டோடு நிற்கிறான். அவனைத் தாண்டி வந்து நம்ம தெருக் குவியலில் கவிழ்த்தாள்.

"அன்னிக்கு மாமியா பக்கத்துல இருந்துச்சி. இல்லன்னு சொல்லிட்டேன். இப்ப சேத்துக்கோ."

இன்னொருத்தி போட்டாள். கோயில் தெருக்காரி ஒருத்தி போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சண்டைபோட்ட கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கூடை கவிழும் சத்தம் மட்டும் கேட்டது. சரக். சரக். கோயில் தெரு இடுப்பிலிருந்து ஏறிக்கொண்டே வந்தது. அறிக்கை எழுதியவர்களுக்குக் கிடைக்காத கணக்கு எங்கள் கண் முன்னால் வளர்ந்தது.

நான் எழுந்தேன். ரத்தத்தைத் துப்பிவிட்டு ஒரு கூடை அள்ளினேன். லாரியிலிருந்து அண்ணன் குதித்து வருவது தெரிந்தது. அவன் வரட்டும் என்று காத்திருந்துதான் கவிழ்த்தேன்.

"இது எங்கண்ணி தேன்மொழிக்கு. அவங்க இல்லன்னு சொன்னது என்னாலதான்."

அண்ணன் என் கழுத்தைப் பிடித்தான். என் அண்ணன்தான், எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த அதே கை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதில் அவன் குரல் மட்டும் கேட்டது.

"அவள ஒரே தள்ளுதான் தள்னேன், போயிட்டா. உனக்கு எத்தினி வேணும்?"

ஊரே கேட்டது அண்ணி. சொன்ன பிறகு அவனுக்கே அது கேட்டிருக்கணும், பிடி தளர்ந்தது. மல்லிகா அக்கா கூடையாலேயே அவன் முகத்தில் அறைந்தாள். நாலு பெண்கள் அவனை உப்பில் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார்கள். போலீஸ் வரும்வரைக்கும் எழவில்லை.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அன்றைக்குச் சாயங்காலமே எத்தனை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார்கள் தெரியுமா? மல்லிகா அக்கா கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. கூடை போட்டவளைத் தேடித் தேடி அடித்தார்கள். பேர் சொல்லாமல் கேட்ட உன் சர்வேயில் யாருக்கும் இப்படி ஆகவில்லை. நான் பொடி எழுத்தில் விளையாடியதற்கு அவர்கள் உடம்பில் விழுந்தது. நான் செய்தது சரியா, தப்பா? அந்தச் சென்னை ஆராய்ச்சிக் குழுவிலிருந்து வந்த மேடமும் இதைத்தான் கேட்டு என்னைத் திட்டினார்கள். திட்டிவிட்டு, மல்லிகா அக்கா கட்டுக் கையோடு டீ ஆற்றிக்கொடுத்தபோது குடிக்க முடியாமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எழுதினத எங்களுக்கு முன்னாடியே எங்க பாஷையில குடுத்திருந்தா இந்தப் பொண்ணு உப்புல எழுதியிருக்காதுங்க மேடம்" என்றாள் மல்லிகா அக்கா. அவ்வளவுதான் பேசினாள்.

இப்போது தமிழில் ஒருபக்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தெருக்களின் பேரை எடுத்துவிட்டு, அடிபட்டால் எங்கே போகணும், யாரைக் கூப்பிடணும் என்பதையும் சேர்த்து. எழுதுவதற்கு முன்னால் பெண்களையே உட்காரவைத்து, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டார்கள். ரேஷன் கடையில் ஒட்டினோம். கிழித்தார்கள். ஒட்டினோம். வெற்றிலை எச்சிலைத் துப்பினார்கள். அதன் மேலேயே ஒட்டினோம். இப்போது சுவரில் அந்த இடம் மட்டும் ஒரு விரல் தடிமன்.

சரி, நாளைய கோர்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

வக்கீல் முதலில் என்ன கேட்பார் என்று தெரியும். அவர் வழுக்கி விழுந்தார் என்று போலீசில் சொன்னது நீதானே? நான்தான். அப்போது பொய் சொன்னாயா? சொன்னேன். பொய் சொல்கிற பெண் என்று எழுதிக்கொள்ளட்டும். அதற்கப்புறம் அவர் தொட்டி மூலைக்கு வருவார். அங்கே ரத்தமே இல்லையே என்பார். ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கும் தெரியும். இன்றைக்குச் சாயங்காலம் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணன உள்ள வெச்ச. என்னையும் வெக்கப் போறியா?"

அரிசியில் கல்லே இல்லை, சும்மா புடைத்துக்கொண்டிருந்தாள்.

நீ இருந்திருந்தால் அத்தையைக் காப்பாற்று என்றுதான் சொல்லியிருப்பாய். தெரியும். ஆனால் உன்னைக் காப்பாற்று என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லையே அண்ணி.

அதனால் வாக்குக் கொடுக்கிறேன். தொட்டியைக் கழுவியது யார் என்று கேட்டால், அம்மா என்று சொல்லுவேன். குடத்தையும் சொல்லுவேன், தேங்காய் நாரையும் சொல்லுவேன். சொல்லிவிட்டு வெளியே வந்து அம்மாவுக்காகக் காத்திருப்பேன். போலீஸ் அவளை விட்டால், பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவேன். அவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனால், அங்கேயும் போய் உட்காருவேன்.

உன் வாயை அடைத்த நாத்தனார்,
நாளையிலிருந்து உன் சாட்சி,
பவித்ரா
கிணத்துத் தெரு